'பெர்மிஷன் டினைட்': எட்டு லேப்டாப், ஒரு கோப்பு, ஒரு வரி



இந்த வார எபிசோடில் பழைய லேப்டாப்புகளில் லினக்ஸ் போட்டு மறுபடி ஓடவைப்பது பற்றிப் பேசினோம். நடுவில் ஒரு இடத்தில், "யூஎஸ்பி அனுமதி தனிக் கதை, அதை மடல்ல எழுதறேன்"ன்னு சொல்லி நழுவிட்டேன். அந்தக் கடனை இன்று அடைக்கிறேன். நான் நழுவியதற்குக் காரணம் நேரமின்மை மட்டும் இல்லை. அந்தக் கதையில் தப்பு செய்தவன் நான். மைக் முன்னாடி சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஒரு முன்குறிப்பு. நம்மில் பலர் இந்த மடலைப் பஸ்ஸிலும் ரயிலிலும் போனில் படிப்பவர்கள். அதனால் கட்டளைகளை அச்சு அசலாகத் தராமல், வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன். எது ஏன் என்பது புரிந்துவிட்டால், கட்டளையைத் தேடி எடுப்பது இரண்டு நிமிட வேலை.

சனிக்கிழமை வகுப்பு

2022 இலையுதிர் காலம். நான் இருப்பது ஜெர்மனியில், ரூர் பகுதியில். சனிக்கிழமைகளில் வாடகை மண்டபம் ஒன்றில் தமிழ் வகுப்பு நடக்கும். பிள்ளைகளில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணக் குடும்பங்கள், மீதி எங்களைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள். தமிழ் வகுப்பு முடிந்ததும் ஒன்றரை மணி நேரம் ஆர்டுயினோ வகுப்பு நடத்தலாம் என்று நான்தான் ஆசைப்பட்டுக் கேட்டேன். ஒரு அலுவலகம் கழித்துவிட்ட எட்டு லேப்டாப்புகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் உபுண்டு 22.04 போட்டேன். இரண்டு அசல் ஆர்டுயினோ ஊனோ என்னிடம் ஏற்கெனவே இருந்தன. காசுக் கணக்குப் பார்த்து, ஆறு நகல் நானோ போர்டுகள் வாங்கினேன்.

முதல் வகுப்பு. பிள்ளைகள் ஆளுக்கொரு விளக்கை மின்னவைக்கும் நிரலை எழுதிவிட்டு, போர்டுக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினார்கள். எட்டுத் திரையிலும் சிவப்பு எழுத்து. பெர்மிஷன் டினைட்.

"சேர், எனக்கு மட்டும் வருதா?"

"இல்லடா, எல்லாருக்கும்தான்."

நான் செய்த முதல் மூன்று வேலைகள்

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்வதையே நானும் செய்தேன். வரிசையாகச் சொல்கிறேன். உங்களில் பலர் தலையாட்டுவீர்கள்.

முதலில் சூடோ. நிரலையே ரூட் அதிகாரத்தில் திறந்தேன். உடனே வேலை செய்தது. ஆனா அந்த நிரல் தன் அமைப்புக் கோப்புகளையெல்லாம் ரூட் பெயரில் எழுதிவைத்துவிட்டது. அடுத்த முறை சாதாரணமாகத் திறந்தபோது, தன்னுடைய கோப்பையே தன்னால் தொட முடியாமல் முழித்தது. அதுமட்டுமில்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளை எங்கிருந்தோ எடுத்து ஒட்டும் எந்த வரியும் கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடும். வீட்டுச் சாவிக்கொத்தைக் குழந்தை கையில் கொடுத்து, ஃப்ரிட்ஜிலிருந்து பால் எடுத்துவரச் சொல்வது மாதிரி.

இரண்டாவது, சிஎச்-மாட் 666. லினக்ஸில் கருவிகளும் கோப்புகள்தான். போர்டைச் செருகியதும் 'டெவ்' அடைவுக்குள் டிடிஒய்-யூஎஸ்பி-0 அல்லது டிடிஒய்-ஏசிஎம்-0 என்ற பெயரில் ஒரு கோப்பு தோன்றும். அதைப் படிக்கவும் எழுதவும் உங்களுக்கு உரிமை இருந்தால் கருவியோடு பேசலாம், இல்லாவிட்டால் டினைட். படிக்க 4, எழுத 2, கூட்டினால் 6. உரிமையாளர், குழு, மற்ற எல்லாரும் என்ற மூன்று பேருக்கும் ஆளுக்கொரு 6. ஆக 666 என்றால் கதவைக் கழற்றி ஓரமாக வைத்த மாதிரி. அதுவும் வேலை செய்தது, ஒரு பையன் கேபிளைப் பிடுங்கிச் செருகும் வரைக்கும். பிடுங்கினால் அந்தக் கோப்பு மறைந்துவிடும். மறுபடி செருகும்போது பிறப்பது புதுக் கோப்பு. பழையதற்கு நீங்கள் கொடுத்த அனுமதி அதற்குத் தெரியாது. பிள்ளைகள் நிமிஷத்துக்கு ஒரு தரம் கேபிளைப் பிடுங்குவார்கள். நான் எட்டு மேசைக்கும் ஓடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது, டயல்அவுட். டெபியன், உபுண்டு குடும்பத்தில் சீரியல் போர்ட்டுகள் டயல்அவுட் என்ற குழுவுக்குச் சொந்தம். மோடம் வைத்து போன் லைனில் 'டயல்' செய்து வெளியே போன காலத்துப் பெயர் அது, இன்னும் நிற்கிறது. பயனரை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டால் நிரந்தரமாக அனுமதி கிடைக்கும். ஆனா ஒரு விஷயம்: குழுவில் சேர்த்ததும் லாக்-அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். அது தெரியாமல் "சேர்த்துட்டேனே, ஏன் வரல"ன்னு பத்து நிமிஷம் போனது.

வகுப்பு முடியும்போது அசல் ஊனோ இரண்டும் நன்றாக ஓடின. நகல் நானோ ஆறும் ஓடவில்லை. இப்போது வந்த பிழையோ வேறு. அனுமதி இல்லை என்று அல்ல, போர்ட்டே இல்லை என்று.

கையில் இருந்த போர்ட் எங்கே போனது?

அன்று இரவு வீட்டில் ஒரு லேப்டாப்பும் ஒரு நானோவுமாக உட்கார்ந்தேன். கர்னலின் குறிப்பேட்டை டி-மெசேஜ் கட்டளையில் திறந்து வைத்துக்கொண்டு போர்டைச் செருகினேன். டிடிஒய்-யூஎஸ்பி-0 இணைந்தது என்று ஒரு வரி. சற்றுக் கீழே, அதே கருவி துண்டிக்கப்பட்டது என்று இன்னொரு வரி. நடுவில் ஒரு பெயர்: பி-ஆர்-எல்-டி-டி-ஒய். அந்த நிரல் வந்து போர்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது என்பது புரிந்தது.

தேடினேன். எங்கு பார்த்தாலும் ஒரே மருந்து: "அந்தப் பொதியை நீக்கிவிடு, சரியாகிவிடும்." நீக்கினேன். சரியாகிவிட்டது! ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போய் மீதி ஏழு லேப்டாப்பிலும் அதே கட்டளையை அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிஷம்கூட ஆகவில்லை. சந்தோஷமாக வீட்டுக்கு வந்து தோசை சாப்பிட்டேன்.

அது என்ன நிரல், யாருக்காக அங்கே இருக்கிறது என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

இரண்டாவது சனிக்கிழமை

அந்த வாரம் புதிதாக ஒரு பிள்ளை வந்தாள். எட்டாம் வகுப்பு. பிறவியிலேயே பார்வை இல்லை. அம்மம்மாதான் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் பதியும் அன்றே இருவரும் வந்து, எங்கள் லேப்டாப் ஒன்றில் அவளுடைய பிரெயில் டிஸ்ப்ளேயைச் செருகிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைக்கு நான் இல்லை. வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, "வேலை செய்யுதாம், வரட்டுமா?" என்று போனில் கேட்டார். "தாராளமா வரட்டும்"னேன்.

பிரெயில் டிஸ்ப்ளே பார்க்காதவர்களுக்காக: கீபோர்டுக்கு முன்னால் வைக்கும் ஒரு நீளப் பட்டை. அவளுடையதில் 40 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சின்னச் சின்ன ஊசிகள் மேலெழுந்தும் தாழ்ந்தும் ஒரு எழுத்தைக் காட்டும். திரையில் இருக்கும் வரி விரலுக்குக் கீழே வரும். வரைபட இடைமுகம் எதுவும் இல்லாமல், வெறும் எழுத்து மட்டும் உள்ள கருப்புத் திரையில்தான் அவள் வேலை செய்வாள். "அதிலதான் கெதியா ஏலும்" என்பாள். விலை சில ஆயிரம் ஈரோ வரும். அது அவளுக்குப் பள்ளிக்கூடம் இரவல் கொடுத்தது.

அன்று செருகினாள். ஊசி ஒன்றும் எழும்பவில்லை.

கழற்றி மறுபடி செருகினாள். வேறு துளையில் செருகினாள். வேறு லேப்டாப்புக்கு மாறினாள். எதிலும் அசைவில்லை.

"அண்டைக்கு வேலை செய்ததுதானே தம்பி? இண்டைக்கு என்ன நடந்தது?" என்றார் அம்மம்மா.

"கேபிள் பிரச்சனையா இருக்கும்மா" என்றேன். வேறு கேபிள் கொடுத்தேன். அதிலும் வரவில்லை. அம்மம்மாவின் முகம் மாறியது. இரவல் கருவி உடைந்துவிட்டதோ என்ற பயம். "பையுக்குள்ள வச்சுக் கொண்டுவரேக்கை எங்கேயும் இடிபட்டதோ பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. பட்டையைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, மற்றவர்கள் விளக்கு எரியவைத்துக் கத்துவதைக் கேட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

டிராமில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. பி-ஆர்-எல் என்றால் பிரெயில். பிரெயில்-டிடிஒய். அந்தப் பெயரை எட்டு முறை என் கையால் அடித்திருக்கிறேன். ஒருமுறைகூட வாசிக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அம்மம்மாவுக்குப் போன் செய்து, "கருவிக்கு ஒண்ணும் ஆகலம்மா, நான்தான் லேப்டாப்பைக் கெடுத்துட்டேன்"னு சொன்னேன். அந்தப் பக்கம் பெரிய மூச்சு கேட்டது. "அப்ப சரி தம்பி. அதுதான் எனக்குப் பயமாக் கிடந்தது" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரண்டு கருவி, ஒரே அடையாளம்

அது ஏன் எங்கள் நானோவைப் பிடித்தது? இதுதான் இந்த மடலின் மையம்.

ஒவ்வொரு யூஎஸ்பி கருவியும் செருகியவுடன் இரண்டு எண்களைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்தும். ஒன்று தயாரிப்பாளர் எண், மற்றது பொருள் எண். எல்-எஸ்-யூ-எஸ்-பி என்ற கட்டளையை அடித்தால் இப்போதே உங்கள் கணினியில் பார்க்கலாம். அசல் ஊனோ 2341 : 0043 என்று சொல்லும். நகல் நானோ 1ஏ86 : 7523 என்று சொல்லும். பதினாறு அடிமான எண் என்பதால் நடுவில் எழுத்து வருகிறது.

இதில் 1ஏ86 என்பது நானோவைச் செய்தவரின் எண் இல்லை. அதில் உள்ள சிஎச்340 என்ற மலிவான சீன சிப்பைச் செய்தவரின் எண். யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றித் தரும் அந்தச் சிப்பை யார் வாங்கித் தங்கள் கருவிக்குள் வைத்தாலும், சொந்த எண் வாங்கி மாற்றாதவரை, அந்தக் கருவி இதே எண்களைத்தான் சொல்லும். நகல் ஆர்டுயினோ சொல்லும், 3டி பிரிண்டர் சொல்லும். ஒரு பிரெயில் கருவியும் சொல்லும். அமெரிக்காவில் பார்வையற்றோருக்கான தேசிய நூலகச் சேவை இரவல் கொடுக்கும் 20 கட்ட இ-ரீடரின் ஒரு மாடல் அது.

பிரெயில்-டிடிஒய் 1995 முதல் எழுதப்பட்டுவரும் திறமூல நிரல். உபுண்டு டெஸ்க்டாப்பில் அது ஆரம்பத்திலேயே இருக்கும். பார்வையற்ற ஒருவர் தன் கருவியைச் செருகினால், யாரையும் கூப்பிடாமல், எந்தத் திரையையும் பார்த்து எதையும் அமைக்காமல், அது தானாக உயிர்பெற வேண்டும் என்பதற்காக. அதற்காகத் தனக்குத் தெரிந்த பிரெயில் கருவிகளின் எண்களை ஒரு விதிக் கோப்பில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறது. 22.04-இல் வந்த அந்தப் பட்டியலில் 1ஏ86 : 7523-க்கும் ஒரு வரி உண்டு. எங்கள் நானோவைச் செருகியதும், "இ-ரீடர் வந்துவிட்டது" என்று நினைத்து ஓடிவந்து பிடித்துக்கொண்டது. பாவம், அது தன் வேலையைத்தான் செய்தது.

எங்கள் மாணவியின் பட்டைக்குச் சொந்த எண் உண்டு. அது வேறு வரி. ஆறு நானோக்களுக்குத் தடையாக இருந்தது ஒரே ஒரு வரி. நான் தூக்கி எறிந்ததோ முழு நிரலையும்.

யூடெவ்: வாசலில் நிற்பவர்

இந்த விதிக் கோப்புகளைப் படித்துச் செயல்படுத்துவது யூடெவ். 2003-இல் வந்தது, 2012-இல் சிஸ்டம்-டியோடு சேர்க்கப்பட்டது. கருவி செருகப்பட்டதும் கர்னல் குரல் கொடுக்கும். யூடெவ் தன் விதிகளை வரிசையாகப் படித்து, "இந்த எண் வந்தால் இந்த அனுமதி கொடு, இந்தக் குழுவுக்குக் கொடு, இந்த நிரலைக் கிளப்பு" என்று செய்யும். கல்யாண மண்டப வாசலில் பட்டியலோடு நிற்பவரைப் போல. ஒவ்வொரு முறை செருகும்போதும் பட்டியல் பார்க்கப்படும். அதனால்தான் இங்கே எழுதும் அனுமதி நிலைக்கிறது. சிஎச்-மாடில் கொடுப்பது நிலைப்பதில்லை.

விதிகள் இரண்டு இடங்களில் இருக்கும். 'லிப்' அடைவின் கீழே உள்ளவை பொதிகளோடு வருபவை, அவற்றில் கை வைக்கக் கூடாது. 'ஈடிசி' அடைவின் கீழே யூடெவ், அதற்குள் ரூல்ஸ்-டி. அது நம்முடையது. இரண்டு இடத்திலும் ஒரே பெயரில் கோப்பு இருந்தால் நம்முடையதுதான் செல்லும், மற்றது பார்க்கப்படவே படாது. இந்த ஒரு வசதி தெரிந்திருந்தால் அந்தச் சனிக்கிழமை நடந்திருக்காது.

நான் கடைசியில் செய்தது இதுதான்:

1. பிரெயில்-டிடிஒய் பொதியை எட்டு லேப்டாப்பிலும் மறுபடி நிறுவினேன்.

2. அதன் விதிக் கோப்பை (பெயர் 85 என்று தொடங்கும்) 'ஈடிசி' பக்கத்துக்கு அதே பெயரில் நகலெடுத்தேன்.

3. நகலில் 1ஏ86 : 7523 வரும் அந்த ஒரு வரிக்கு முன்னால் ஹேஷ் குறி போட்டேன். அது இனி வெறும் குறிப்பு. மற்ற எல்லா பிரெயில் கருவிகளுக்கும் வழி திறந்தே இருக்கும்.

4. அதற்கு மேலே ஒரு வரி எழுதினேன்: "நகல் நானோ போர்டுகளுக்காக மூடப்பட்டது. இதே எண் உள்ள பிரெயில் கருவியோடு யாராவது வந்தால் இந்த வரியைத் திறக்கவும்." தேதியும் போட்டேன்.

நாலாவதை விட்டுவிடாதீர்கள். ஒரு வரியை மூடினாலும் யாரோ ஒருவருக்கு மூடுகிறோம். அது யார் என்று அங்கேயே எழுதிவைத்தால், அடுத்து வருபவர் என்னைப் போல முழிக்க மாட்டார்.

இன்னொன்று: நம் நகல் அங்கே இருக்கும் வரை, பொதி புதுப்பிக்கப்பட்டு வரும் புதிய பட்டியல் பார்க்கப்படாது. ஆகவே உபுண்டுவைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது நகலைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பதிப்பில் அந்த வரி ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால் நகலே தேவைப்படாது.

குழுவா, உட்கார்ந்திருப்பவரா?

பிறகு டயல்அவுட்டையும் யோசித்தேன். அந்தக் குழுவில் இருப்பவருக்கு எல்லா சீரியல் கருவியும் எப்போதும் திறந்திருக்கும், தொலைவிலிருந்து நுழைந்தாலும்கூட. வீட்டில் நீங்கள் மட்டும் பயன்படுத்தும் கணினிக்கு அது போதும், குற்றமில்லை. பலர் மாறி மாறி உட்காரும் கணினிக்கு இன்னும் பொருத்தமான வழி உண்டு. யூ-ஆக்சஸ் என்ற குறிச்சொல். விதியில் இதைச் சேர்த்தால், அந்த நேரத்தில் அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து உள்நுழைந்திருப்பவருக்கு மட்டும் அந்தக் கருவி திறக்கும். அவர் வெளியேறினால் அனுமதியும் போய்விடும்.

நான் எழுதிய விதியை வாயால் சொன்னால்: துணையமைப்பு டிடிஒய்யாக இருந்து, தயாரிப்பாளர் எண் 1ஏ86 ஆகவும், பொருள் எண் 7523 ஆகவும் இருந்தால், முறையை 0660 ஆக வை, யூ-ஆக்சஸ் குறிச்சொல்லைச் சேர். அவ்வளவுதான், ஒரே வரி. அசல் ஊனோவுக்கு அதன் எண்களோடு இன்னொரு வரி. பிறகு பயனரை டயல்அவுட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

இந்த ஒரு வரியில் நான் தடுக்கி விழுந்த இடங்கள்:

சமக்குறி. "இருந்தால்" என்று சோதிக்க இரட்டைச் சமக்குறி, "வை" என்று கொடுக்க ஒற்றை, பட்டியலில் "சேர்" என்பதற்குக் கூட்டல் சமக்குறி. எண்ணுக்கு ஒற்றைச் சமக்குறி போட்டுவிட்டால் அங்கே சோதனை நடக்காது, விதி நாம் நினைத்தபடி ஓடாது.

சின்ன எழுத்து. 1ஏ86-இல் உள்ள எழுத்தை ஆங்கிலத்தில் சின்ன எழுத்தாகத்தான் எழுத வேண்டும். பெரிய எழுத்தாகப் போட்டால் பொருந்தாது. பிழைச் செய்தியும் வராது, சும்மா இருக்கும். நொந்து போவீர்கள்.

மேற்கோள் குறி. வாட்ஸ்அப்பிலோ ஆவணத்திலோ இருந்து வரியை நகலெடுத்தால் நேர் மேற்கோள் குறி வளைந்த குறியாகியிருக்கலாம். யூடெவ் அதை ஏற்காது. கையால் மறுபடி அடியுங்கள்.

கோப்பின் எண். விதிக் கோப்புகள் பெயர் வரிசைப்படி படிக்கப்படும். யூ-ஆக்சஸ் குறிச்சொல்லைப் பார்த்துச் செயல்படும் கோப்பு 73-இல் இருக்கிறது. நம் கோப்பு அதற்கு முன்னால் வர வேண்டும். நான் 70 என்று தொடங்கினேன். "கடைசியில் இருக்கட்டும்" என்று 99 போட்டால் குறிச்சொல் ஒட்டும், ஆனா அதைப் பார்க்க வேண்டியவர் ஏற்கெனவே போயிருப்பார்.

மறுவாசிப்பு. விதியை மாற்றியதும் யூடெவ்-ஏடிஎம் கட்டளையில் விதிகளை மறுபடி ஏற்றச் சொல்லிவிட்டு, கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள்.

சரியாக நடந்ததா என்று பார்க்க, அந்தக் கருவிக் கோப்பை விரிவாகப் பட்டியலிடுங்கள். அனுமதி எழுத்துகளின் முடிவில் ஒரு கூட்டல் குறி தெரிந்தால், குழுவுக்கு வெளியே தனியாக யாருக்கோ அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த யாரோ நீங்கள்தான்.

மூன்றாவது சனிக்கிழமை

அவள் வருவாளா என்று சந்தேகமாகத்தான் இருந்தது. வந்தாள். அம்மம்மா வாசலோடு போகாமல், இந்த முறை உள்ளே வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

பட்டையைச் செருகினாள். ஒரு மூச்சு விடும் நேரம். ஊசிகள் சர்ரென்று எழுந்தன. அந்தச் சத்தம் எனக்கே கேட்டது.

இன்னொரு துளையில் நானோ. அதில் விளக்குக்குப் பதிலாக ஒரு சின்னப் பஸ்ஸரும், தூரம் அளக்கும் அல்ட்ராசானிக் சென்சரும் இணைத்து வைத்திருந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் அவள் நிரலை எழுதி, போர்டுக்கு அனுப்பி, சீரியலைத் திறந்தாள். அவள் கையை சென்சருக்கு முன்னால் நீட்ட, எத்தனை சென்டிமீட்டர் என்பது மற்றக் கையின் விரலுக்குக் கீழே எண்ணாக வந்தது. 31. 24. 12. கிட்டே போகப் போகப் பஸ்ஸர் வேகமாகக் கத்தியது. பக்கத்து மேசைப் பையன்கள் தங்கள் விளக்கை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"சேர், போன கிழமை ஏன் வரேல்லை?" என்று கேட்டாள்.

சொன்னேன், முழுசாக. இரண்டு கருவிக்கு ஒரே எண் என்பதையும், நான் பெயரை வாசிக்காமல் நீக்கியதையும்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப அந்த மற்றக் கருவி வச்சிருக்கிற ஆள் வந்தா?" என்றாள்.

கோப்பைத் திறந்து, நான் எழுதிவைத்த குறிப்பைக் காட்டினேன். அதாவது, அவள் விரலுக்குக் கொண்டுவந்தேன். வாசித்துவிட்டு, "ம். சரி" என்றாள்.

நண்பர்களே, அடுத்த முறை உங்கள் திரையில் பெர்மிஷன் டினைட் வந்து, எங்கிருந்தோ ஒரு "இதை நீக்கிவிடு" அறிவுரை கிடைத்தால், அடிக்கும் முன் அந்தப் பெயரை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எல்-எஸ்-யூ-எஸ்-பியில் எண்ணைப் பாருங்கள், அந்த எண்ணுக்கு மட்டும் விதி எழுதுங்கள். பத்து நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

உங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியிலோ நூலகத்திலோ இப்படிப் பலர் பயன்படுத்தும் கணினிகளை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா? அதில் யூஎஸ்பியோடு மல்லுக்கட்டிய அனுபவம் இருந்தால் இந்த மடலுக்கே பதில் போடுங்கள். நல்லவற்றை அடுத்த எபிசோடில் பேசலாம். இந்த முறை நழுவ மாட்டேன்.

அடுத்த மடலில் சந்திப்போம்.